முப்பத்தோராவது விரல்

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பு 'அ' பிரிவு இந்த வருஷமும் என் தலையில்தான். முப்பத்தொரு பிள்ளைகள். பெயர்களை வாயில் நுழைப்பதற்கே ஒரு வாரம் ஆகும். பெற்றவர்களுக்கு எங்கிருந்துதான் கிடைக்கின்றனவோ இந்தப் பெயர்கள்.

வழக்கப்படி முதல் நாள் பித்தளைத் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் உட்காரவைத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். இருபத்துமூன்று வருஷமாகச் செய்கிறேன். தவமணி டீச்சர் கைபிடித்து எழுதினால் எழுத்து முத்து முத்தாக வரும் என்று அருப்புக்கோட்டையில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன பேச்சு, உண்மையே அதுதான்.

முப்பது பேர் எழுதினார்கள். முப்பத்தோராவதாக வந்தவள் தன்விகா. அரிசியில் விரல் பட்டதும் வீல் என்று ஓர் அலறல். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நானா விடுவேன்? விரலை மறுபடி அரிசிக்குள் கொண்டுபோனேன். மறுபடி அலறல். தாம்பாளம் எகிறி, அரிசி வகுப்பு முழுக்கச் சிதறியது. கையில் லேசாக ஒரு தட்டு தட்டினேன். அவ்வளவுதான். பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தவள், சாயங்காலம் அவள் அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

ஆயாவும் நானும் அரிசியைக் கூட்டி அள்ளி முடிக்க அரைமணி ஆயிற்று. இடுப்பு விட்டுப்போய்விட்டது.

ஜூன் 11, செவ்வாய்

வளையல்களைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். இந்த வெயிலுக்குக் கையெல்லாம் உறுத்துகிறது.

ஜூன் 13, வியாழன்

தன்விகாவின் லீலைகள் வருமாறு. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில். எங்கள் பள்ளி மணி தண்டவாளத் துண்டு, என் வகுப்பு வாசலிலேயே தொங்குகிறது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்கும். ஆகப் பத்துத் தடவை பெஞ்சுக்கு அடியில். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி மூலைக்கொன்றாக எறிவது. சட்டைக் காலரை ஈரமாகும்வரை சப்புவது. பக்கத்துப் பிள்ளையின் பாவாடை உரசினால் தேள் கொட்டியதுபோலத் துள்ளுவது.

வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறதாம், அம்மா மாரீஸ்வரியே தறி ஓட்டுகிறாளாம். விசைத்தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மணிச் சத்தம் தாங்காதாமா? யாரிடம் கதை விடுகிறார்கள்? செல்லம். வேறென்ன.

ஜூன் 14, வெள்ளி

தன்விகா வரவில்லை. வகுப்பு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 19, புதன்

மாரீஸ்வரி வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, தறியை நிறுத்திவிட்டு நேரே வந்திருப்பாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் பேசும்போதெல்லாம் முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசக்கூட இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு தெரபி சென்டரில் காட்டியிருக்கிறாளாம். பிள்ளைக்குக் காது, தோல், மூக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கிறதாம். ஆனால் அவை கொண்டுவருவதை மூளை அளந்து வாங்கத் தெரியாமல் மொத்தமாக வாங்கிக்கொள்கிறதாம். அதனால் நமக்கு மணி, அவளுக்கு இடி. நமக்கு அரிசி, அவளுக்கு ஊசி.

இருபத்துமூன்று வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பேன், எனக்கே பாடமா என்று ஆத்திரம் வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏம்மா, அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? அடத்துக்கெல்லாம் பேரு வச்சுட்டா அது நோயாயிருமா?"

அவள் கோபப்படவே இல்லை. "நோய் இல்ல டீச்சர், நோயின்னு நானும் சொல்லல" என்று மட்டும் சொன்னாள். தினமும் மதியம் அரைமணி வந்து பிள்ளையோடு இருக்கட்டுமா என்று கேட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸைக் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ஹெட்மிஸ்ட்ரஸ் அருள்ஜோதி மேடத்திடம் எழுத்துப்பூர்வமாகவே புகார் கொடுத்துவிட்டேன். முதல் நாளே வகுப்புப் பொருளைத் தட்டிவிட்டு ஆசிரியையைத் தள்ளினாள், கட்டுப்படுவதில்லை, மற்ற முப்பது பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது, இவளுக்கு வேறு பள்ளிதான் சரி. ஒன்றரைப் பக்கம். கையெழுத்து முத்து முத்தாக வந்திருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

தாளாளரிடம் வைத்து, ஜூலைக் கடைசியில் முடிவு செய்வார்கள். அதுவரை அம்மா மதியம் வந்து போகலாம் என்று மேடம் அனுமதி கொடுத்துவிட்டார். இந்த மேடத்துக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது.

ஜூன் 24, திங்கள்

பன்னிரண்டரைக்கு டாணென்று வந்துவிட்டாள். தன்விகாவோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பாடு ஊட்டினாள். ரசச் சாதமும் பொரியலும் ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனி டப்பா. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளையின் இரண்டு தோளையும் கையால் அழுத்தி அழுத்திப் பிடித்துவிட்டாள், பரோட்டா மாவு பிசைகிற மாதிரி. ஐயோ பாவம், வலிக்கப்போகிறதே என்று பார்த்தால் அது கண்ணை மூடிச் சொக்கிப்போய் நிற்கிறது. லேசாகத் தொட்டால் அலறுகிற பிள்ளை!

என்னவோ.

ஜூன் 28, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்கும். எழுதிவிடுகிறேன்.

ஸ்டாஃப் ரூமில் ஆறு டீச்சர்கள், மேடம். மாரீஸ்வரி பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருந்தாள். ஏதோ பேப்பர் பார்த்துப் படிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு துணிப்பையிலிருந்து சாக்குத் துண்டை எடுத்தாள். "யாராவது ஒருத்தங்க வர்றீங்களா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கென்ன பயம், எழுந்து போனேன். ஜாக்கெட்டின் பின்கழுத்தில் சாக்கைச் செருகி, கையில் நோட்டைக் கொடுத்து, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை அகரவரிசைப்படி எழுதச் சொன்னாள்.

எழுத ஆரம்பித்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். ஒரு தடவை. நிறுத்தினாள். இரண்டு தடவை. நீளமாக நிறுத்தினாள். இனி இல்லை என்று மூச்சு விடும்போது மறுபடி ஒன்று. அடுத்த தட்டு எப்போது வரும் என்றே காது காத்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் சாக்கு அரிக்கிறது. எட்டுப் பெயர் எழுதியிருப்பேன், அதில் நான்கு தப்பு. "நிறுத்தும்மா போதும்!" என்று கத்தியேவிட்டேன். மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள்.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம் கூட ஆகல டீச்சர். அவளுக்குக் காலைல ஒம்போதுல இருந்து நாலு மணி வரைக்கும் இப்படித்தான்."

தறிச் சத்தம் பற்றிக் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அதற்கும் பதில் வைத்திருந்தாள். தறி ஒரே சீராக ஓடும், அந்தச் சத்தத்தில்தான் பாப்பா தூங்குவாள், தறி நின்றால்தான் எழுந்துகொள்வாள். மணி எப்போது அடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது, அதுதான் பயம். தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூலுக்குப் பாவு என்று பெயர், அந்தப் பாவில் இழை ரொம்ப விறைப்பாக நின்றால் விரல் பட்டாலே அறுந்துவிடும், தளர்வாக இருந்தால் தட்டினாலும் தாங்கும். "இவ விறைப்பா நிக்கிற இழை டீச்சர். கெட்டுப்போன இழை இல்ல."

எட்டாவது வரைக்கும் படித்த பெண். பி.எட். படித்த ஏழு பேரை உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிட்டுப் போய்விட்டாள். பொறாமையாகக்கூட இருந்தது. இந்த மாதிரி ஒரு பாடம் நான் எடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று?

கழுத்தில் இன்னும் அரிக்கிறது.

ஜூலை 1, திங்கள்

தன்விகாவைக் கடைசி வரிசையில், சுவரோரம் மாற்றினேன். ஒரு பக்கம் சுவர் என்றால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் உரச மாட்டார்கள் அல்லவா. இது யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றியது. அதற்காகப் பெரிய மாற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இட வசதிதான்.

ஜூலை 3, புதன்

மணி அடிக்கிற விஷயத்தில் ஒரு யோசனை. அடிப்பதற்கு முன்னால் ஆயா செல்லக்கனி வாசலில் வந்து நின்று தன்விகாவுக்குக் கையைக் காட்ட வேண்டும். இவள் காதைப் பொத்திக்கொள்ளலாம். இரண்டு தடவை சரியாக நடந்தது. மூன்றாவது தடவை ஆயா மறந்துபோனாள். பிள்ளை பெஞ்சுக்கு அடியில். நான் ஆயாவைத் திட்டிய திட்டில் ஆயா, "போன மாசம் நீங்கதான டீச்சர் பிள்ளைய ஏசுனீங்க" என்று கேட்டுவிட்டாள். வாய் ரொம்ப நீளம்.

ஜூலை 5, வெள்ளி

இன்று ஒரு அதிசயம்.

மாரீஸ்வரியிடம் மணி விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "அவளையே அடிக்கச் சொல்லிப் பாக்கலாமா டீச்சர்?" என்றாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தீயைக் கண்டு பயப்படுகிறவளை அடுப்பில் உட்காரவைக்கிறதா?

மதிய இடைவேளை முடிகிற நேரம். இரும்புக் கம்பியை அவள் கையில் கொடுத்தோம். நாற்காலி போட்டு ஏற்றினோம். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உதடு முணுமுணுத்தது, எண்ணுகிறாள். பத்து வரை எண்ணி ஓங்கி ஒரு அடி! காதைப் பொத்தவில்லை. இரண்டாவது. மூன்றாவது. மைதானத்தில் பிள்ளைகள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். ஆறு அடித்துவிட்டுக் கீழே இறங்கி, கம்பியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, பெரிய மனுஷிபோல வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எப்போது வரும் என்று அவளுக்கே தெரிந்த சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. இந்தச் சின்ன விஷயம் ஒரு தறிக்காரிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே! மாரீஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நானும் சாக்பீஸ் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

நானே கண்டுபிடித்தது ஒன்று. முப்பத்தொரு கணக்கு நோட்டையும் தன்விகா தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். தூக்கச் சொன்னது நான்தான். நெஞ்சோடு அணைத்து, மூச்சு வாங்க வாங்க. திரும்பி வந்தவள் முழுசாக ஒரு பீரியடு அசையாமல் உட்கார்ந்தாள். காலரைச் சப்பவில்லை. சாயங்காலம் மாரீஸ்வரியிடம் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கனமானதைத் தூக்கினால் உடம்பு அடங்கும் என்று மதுரையில் சொன்னார்களாம். "நீங்களாவே கண்டுபிடிச்சுட்டீங்களே டீச்சர்" என்றாள். ரொம்ப நாளுக்குப் பிறகு யாரோ எனக்கு நூற்றுக்கு நூறு போட்ட மாதிரி இருந்தது.

சாக்ஸைத் திருப்பிப்போட்டு மாட்டிக்கொள்ளவும் அனுமதித்துவிட்டேன். தையல் வெளிப்பக்கம் இருந்தால் உறுத்தாதாம். பார்க்க அசிங்கம்தான். யார் பார்க்கிறார்கள்?

ஜூலை 11, வியாழன்

இன்று என் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், ரஞ்சித் டப்பால முட்டை" என்றாள். அந்த டப்பா மூடியபடி பையில், மூன்று பெஞ்சு தள்ளி இருந்தது. போய்த் திறந்து பார்த்தால் முட்டை. "ஹரிஷ் டப்பால புதினா. உங்க சேலைல கஞ்சி." வகுப்பே கைதட்டியது. மூக்கா அது!

இத்தனையும் ஒரே நேரத்தில் அவளுக்குள் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நடுவில் உட்கார்ந்து 'ஆடு, இலை' படிக்கிறாள். நானாக இருந்தால் என்றைக்கோ பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியிருப்பேன்.

ஜூலை 15, திங்கள்

கெட்ட நாள்.

தண்ணீர்க் குழாயில் வரிசை. ரஞ்சித் விளையாட்டாகப் பின்னாலிருந்து தன்விகாவைக் கட்டிப்பிடித்திருக்கிறான். அவள் உதறித் தள்ள, அவன் முகவாய் குழாயில் இடித்து இரண்டு தையல். நான் அந்த நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தைப் பார்த்ததும் ஓடினேன். தன்விகா குழாய்க்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்ப்பதா, அவனைப் பார்ப்பதா? ரஞ்சித்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிள்ளை அழுதது என் காதிலேயே நிற்கிறது.

அவன் அப்பா நேரே தாளாளர் சோமசுந்தரம் ஐயா வீட்டுக்குப் போய்விட்டார். தப்பென்று சொல்ல முடியாது, என் பிள்ளைக்கு நடந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

ஜூலை 16, செவ்வாய்

இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளி, இருபத்தாறாம் தேதி தாளாளர் அறையில் கூட்டம். அன்றே டி.சி. கொடுத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத்தான் பேச்சு. ஊரில் மற்ற இரண்டு பள்ளியிலும் மாரீஸ்வரி ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாளாம். எல்.கே.ஜி.யில் ஒன்று, யு.கே.ஜி.யில் ஒன்று, இரண்டிலும் தன்விகாவை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அனுப்பியவர்கள்தான். இங்கேயும் இல்லையென்றால் பிள்ளை வீட்டில்தான்.

மேடத்திடம் போய் என் புகார்க் கடிதத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். ஃபைலில் சேர்த்தாயிற்றாம். "தவமணி, ரஞ்சித் விஷயம் கூட பெரிசில்ல. ஐயா கேக்குறது உங்க லெட்டரைத்தான். முதல் நாளே டீச்சரையே தள்ளுன பிள்ளைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?" என்றார். ஆமாம், நான்தான். முத்து முத்தாக.

ஜூலை 18, வியாழன்

மாரீஸ்வரி இன்றும் வந்தாள், பன்னிரண்டரைக்கு. ரஞ்சித்துக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்திருந்தாள். அவன் கட்டிப்பிடித்ததை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்விகாவைத் தொடுவதற்கு முன்னால் முன்பக்கம் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். பதினைந்து நிமிஷத்தில் முப்பது பேரும் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். நமக்குத்தான் ஒரு மாசம் ஆகிறது.

ஜூலை 21, ஞாயிறு

துணி துவைத்தேன். இட்லிக்கு அரைத்தேன். ரேஷன் கார்டைத் தேடி எடுத்தேன். எழுத வேண்டியதை எழுதாமல் இருக்க இன்னும் என்னென்ன வேலை இருக்கிறது என்று வீடெல்லாம் சுற்றி வந்தேன்.

ஜூன் பத்தாம் தேதி 'லேசாகத் தட்டினேன்' என்று எழுதியிருக்கிறேன். தட்டவில்லை. அடித்தேன். இரண்டு அடி. வளையல் பட்டு மணிக்கட்டில் தடித்துச் சிவந்தது, நானே பார்த்தேன். தாம்பாளம் எகிறியது அதற்குப் பிறகுதான். அவள் என்னைத் தள்ளியதும் அதற்குப் பிறகுதான். முதலில் அடி, பிறகு அரிசி. டைரியில் நான் வரிசையை மாற்றி எழுதிவிட்டேன், கடிதத்தில் அடியையே விட்டுவிட்டேன்.

அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவள் நான். இருபத்துமூன்று வருஷத்தில் அடித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அடி வேறு. ஊசி குத்துகிறது என்று அலறிய பிள்ளையை, ஏன் அலறுகிறாய் என்று அடித்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் வேலை போகும். பிள்ளைகள் மேல் கை வைக்க மாட்டேன் என்று நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், ஐயா அதில் ரொம்பக் கண்டிப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்து வைப்பதே வருஷத்துக்கு ஒரு தடவைதான். "சொல்லாம இருந்தா உனக்குச் சோறு எறங்குமா?" என்று கேட்டார்.

ஜூலை 24, புதன்

சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். தன்விகாவிடம் வந்திருக்கிற முன்னேற்றத்தை எடுத்துச் சொன்னாலே போதும்.

ஜூலை 25, வியாழன்

போதாது.

ஜூலை 26, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூட்டம். தாளாளர் ஐயா, மேடம், ரஞ்சித்தின் அப்பா, மாரீஸ்வரி, நான். மாரீஸ்வரி வெளுத்துப்போன ஆனால் இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தாள்.

முதலில் அவள்தான் பேசினாள். கெஞ்சவே இல்லை, அதைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு எது தாங்காது, எது தாங்கும், இந்த மாசத்தில் என்னென்ன மாறியது, இன்னும் எது மாறவில்லை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆயா மறந்த அன்றைக்குப் பெஞ்சுக்கு அடியில் போனதைக்கூட மறைக்கவில்லை. ரஞ்சித்தின் அப்பாவிடம், "உங்க பிள்ளைக்கு அடிபட்டது தப்புதாங்கண்ணே, அவ வேணும்னு செய்யல, ஆனா அடி அடிதான்" என்றாள். வந்தபோது மீசையை முறுக்கிக்கொண்டிருந்த மனிதர், நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். அவன் நல்லாத்தான் இருக்கான், அந்தப் பிள்ளையோடுதான் சாப்பிடுவேன் என்கிறான் என்றார்.

ஐயா ஃபைலைத் திறந்தார். என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். ஒன்றரைப் பக்கமும். 'ஆசிரியையைத் தள்ளினாள்' என்ற இடத்தில் நிறுத்தி, "இதுக்கு என்னம்மா சொல்றே?" என்று மாரீஸ்வரியைக் கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

எழுந்து நின்றேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"ஐயா, அந்த லெட்டர் பொய். அவ தள்ளுறதுக்கு முன்னாலயே நான் அவளை அடிச்சேன். ரெண்டு அடி. அதை எழுதாம விட்டுட்டேன்."

மேடம் "தவமணி" என்று மெதுவாகச் சொன்னார். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். மீதியையும் சொல்லிவிட்டேன். என்னால் ஒரு நிமிஷம் தாங்க முடியாததை அவள் தினமும் ஏழு மணி நேரம் தாங்குகிறாள், என் வகுப்பிலேயே ரொம்பப் பாடுபடுகிற பிள்ளை அவள்தான், ஒழுங்கில்லாதவள் என்று யாரையாவது வெளியே அனுப்புவதாக இருந்தால் என்னை அனுப்புங்கள். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் மூக்கு சிவந்து அசிங்கமாக இருக்கும், அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

ஐயா எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மேடத்தோடு பேசினார், நடுவில் மாரீஸ்வரியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கால்மணி நேரம். பிறகு கூப்பிட்டார். பிள்ளைக்கு டி.சி. கிடையாது. அவள் இங்கேயே படிப்பாள். மணியை மைதானத்துக்கு அந்தப் பக்கம் மாற்றவும் உத்தரவு. எனக்கு மெமோ, வருட ஊதிய உயர்வு நிறுத்தம், இனி ஒரு புகார் வந்தால் வேலை இல்லை. ஒன்றாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடுவதா என்று ஐயா யோசித்தாராம். மாரீஸ்வரிதான் வேண்டாம் என்று சொன்னாளாம். இதை மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெளியே வந்து மாரீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள், நான் அடித்தது அன்றைக்குச் சாயங்காலமே தெரியும் என்று. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையாம், குளிப்பாட்டும்போது கையைப் பார்த்தாளாம்.

ஒன்றரை மாசம். தெரிந்துகொண்டே, தினமும் பன்னிரண்டரைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்து, என்னை டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டு, என் குத்தல் பேச்சையெல்லாம் கேட்டு, எனக்கு நூற்றுக்கு நூறும் போட்டிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் முதல் நாளே டீச்சரின் கொண்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்திருப்பேன்.

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து அவ்வளவு பொறுமையாச் சொன்னே?" என்று கேட்டேன்.

"வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல டீச்சர்? புரியாமத்தான அடிச்சீங்க. அவ நாள் பூரா உங்ககூடத்தான இருக்கணும்" என்றாள். பாவு ஏற்ற ஆள் வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வேகமாக நடந்து போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வகுப்புக்குப் போனேன். முப்பத்தொரு பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.